ஏழாம் நம்பர் கட்டிய பை

1985ஆம் ஆண்டு, பல்கலைக்கழக நீண்ட விடுமுறையில், மலேசியாவில் தெலுக் பங்லிமா காராங் தாண்டி உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண்ணின் வேலையை நான் கெடுத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் தோட்டத்துப் பெண். டெங்கில் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டம் கைமாறிய பிறகு நாங்கள் சுங்கை வேக்கு வந்தோம். அம்மா பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போனார். நான் எப்படியோ முட்டி மோதி தாவரவியல் படிக்க இடம் வாங்கினேன்.

தோட்டப்புறத்துப் பிள்ளைகள் ஆராய்ச்சிப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்று யாரோ ஒரு கூட்டத்தில் பேசினார்களாம். அதனால் அந்த வருடம் முதல்முறையாக ஓர் ஏற்பாடு வந்தது. தோட்டத்துப் பின்னணி உள்ள மாணவர் ஒருவருக்கு, விடுமுறை முழுக்க செம்பனை இனப்பெருக்க ஆராய்ச்சியில் பயிற்சி. ஒரே ஓர் இடம். அது எனக்குக் கிடைத்தது.

சந்தோஷப்பட விட்டார்களா? "ஓ, தோட்டத்து சீட்டா?" என்று கூடப் படித்தவன் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் வேண்டுமென்று கேட்டானா, சும்மா கேட்டானா என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சிரிப்பை மூட்டை கட்டிக்கொண்டுதான் தெலுக் பங்லிமா காராங் போனேன். எதையாவது கண்டுபிடித்து எல்லார் முகத்திலும் வீச வேண்டும் என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீடு பிரிக்பீல்ட்ஸில். வார நாட்களில் தோட்டத்து பங்களாவில் தங்குவார். சத்தம் போடாத மனிதர். என்னுடைய வேலையை முதல் நாளே விளக்கினார்.

செம்பனைக் கொட்டையில் ஓடு மூன்று விதம். தடித்த ஓடு, மெல்லிய ஓடு, ஓடே இல்லாதது. ஓடு மெலிந்தால் சதை கூடும், எண்ணெய் கூடும். தடித்த ஓட்டு மரத்தின் பூவில் ஓடில்லா மரத்தின் மகரந்தத்தைப் போட்டால், பிறக்கும் கன்றுகள் அத்தனையும் மெல்லிய ஓடுதான். ஒன்றுகூட மாறாது. தோட்டக்காரர்கள் விரும்புவதும் அதைத்தான். அதில் ஒரு தடித்த ஓட்டு மரம் தலைகாட்டினால், வேறு மகரந்தம் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது பை கட்டியவர் சரியாகக் கட்டவில்லை.

பை கட்டுவது என்றால், பூ விரிவதற்கு முன்பே அதைப் பையால் மூடி, அடியில் பஞ்சு சுற்றி, ரப்பர் பட்டையால் இறுக்குவது. பூச்சியோ காற்றோ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடக் கூடாது. நேரம் வந்ததும் பையில் சின்ன ஓட்டை போட்டு, வேண்டிய மகரந்தத்தை ஊதிவிட்டு, ஓட்டையை ஒட்ட வேண்டும். யார் கட்டியது என்பதற்கு அட்டையில் அவருடைய நம்பர் இருக்கும்.

அங்கே பை கட்டுகிறவர்களில் கைகாரி ஏழாம் நம்பர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். முள்ளுக்குள் கையை விட்டுப் பூவைத் தடவியே இன்றைக்கா நாளைக்கா என்று சொல்லிவிடுவார். வாய் சும்மா இருக்காது.

"மரத்துக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெக்கிறவ நான். மாப்பிள்ள போத்தல்ல வருவாரு. பொண்ணுக்கு முக்காடு நான் போடுவேன்" என்பார். நான் ஏணியில் தடுமாறினால், "என்னா மிஸ், யுனிவர்சிட்டில ஏணி ஏற சொல்லித் தரலயா?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைப்பார். தேநீர் நேரத்தில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் திணிப்பார். கேட்கக்கூட மாட்டார்.

எனக்குக் கொடுத்த பரிசோதனை நிலத்தில் பன்னிரண்டு நிரை. நிரைக்குப் பதினாறு மரம். ஒரு பக்கம் செம்மண் சாலை, மறுபக்கம் வாய்க்கால். எட்டு எட்டு மரமாக இரண்டு கலப்புகளை நட்டிருந்தார்கள். ஒன்று, எல்லாமே மெல்லிய ஓடாக வர வேண்டிய கலப்பு. மற்றது, ஒப்பிட்டுப் பார்க்க நட்ட, தடித்ததும் மெல்லியதும் பாதிக்குப் பாதி வருகிற கலப்பு. எது எது என்று எனக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் கண் தான் விரும்பியதைத்தான் பார்க்கும் என்று அதிகாரி பட்டியலை மேசைக்குள் பூட்டி வைத்திருந்தார். நான் ஒவ்வொரு மரத்திலும் பழம் பறித்து, கொட்டையை வெட்டி, ஓட்டைப் பார்த்து, மர எண்ணுக்கு நேரே எழுத வேண்டும். மரங்களில் எண் எழுதிய சாயம் அழிந்து, மேலே பெரணி படர்ந்து கிடந்தது. அதனால் எண்ணிக்கொண்டே போனேன். முதல் நிரையில் சாலையிலிருந்து வாய்க்கால் வரை போய், அப்படியே திரும்பி அடுத்த நிரையில் வாய்க்காலிலிருந்து சாலைக்கு வந்து, ஒன்றிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரை தனியாகவே முடித்தேன். கையெல்லாம் முள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. திமிர்தான்.

முடித்த பிறகு பட்டியல் கிடைத்தது. ஒப்பிட்டேன். மெல்லிய ஓடு மட்டுமே இருக்க வேண்டிய மரங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று தடித்த ஓடு!

எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய அட்டைகளைத் தேடி எடுத்தேன். அந்தக் கலப்புக்குப் பை கட்டியது யார்? ஏழு. எல்லாவற்றிலும் ஏழு. அட்டைகளை அள்ளிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "இவ கட்டினதிலயோ? நம்ப ஏலாமல் இருக்கு. திரும்ப ஒருக்காப் போய் எண்ணிப் பாரும், பிள்ளை."

"எண்ணினதுதான் சார்."

"அது தெரியும். இன்னொருக்கா. அட்டையில இருக்கிறது ஒரு ஆளின்ட பிழைப்பு. அவசரம் வேண்டாம்."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. நகரத்துப் பெண் எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப எண்ணச் சொல்வாரா? தோட்டத்துக்காரிக்கு எண்ணத் தெரியாது என்று நினைக்கிறாரா? வெளியே வந்தேன். நிலத்துக்குப் போகவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் இங்கும் அங்கும் நடந்தேன், மனத்துக்குள் அவரோடு சண்டை போட்டேன். மறுநாள் போய், "பார்த்துட்டேன் சார். அதே கணக்குத்தான்" என்றேன்.

"திரும்பப் பாத்தனீரோ?"

"ஆமாம் சார்."

பச்சைப் பொய். அவர் நம்பினார். அறிக்கை தோட்ட நிர்வாகியிடம் போனது.

இரண்டே நாளில் விஷயம் முடிந்தது. விடிவதற்குள் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அங்கே எண்பது பேருக்கு முன்னால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சத்தமாகப் படித்தாராம்: பை ஒழுங்காகக் கட்டாமல் ஆராய்ச்சியைக் கெடுத்ததால் ஏழாம் நம்பர் இன்று முதல் மருந்தடிக்கும் கும்பலுக்கு.

மருந்தடிப்பது என்றால் களைக்கொல்லி. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க அடிக்க வேண்டும். அந்தக் கும்பலில் இருந்த பெண்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். நகம் கறுத்து உரிந்திருக்கும். சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவள் நான்.

அன்றே அக்கா ஆராய்ச்சிக் கொட்டகைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நான் கட்டுன பைக்குள்ள காத்துகூட போவாது. நீ என்னாத்த பாத்து எழுதுன?"

"ஓட்டைப் பார்த்துதான்க்கா எழுதினேன். ஓடு பொய் சொல்லாது."

"ஓடு எங்க பேசுது? நீதான பேசுற." போகத் திரும்பியவர் நின்றார். "நம்ம பிள்ள ஒன்னு படிச்சி வந்திருக்குன்னு லயம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாலையில் மருந்துக் கும்பல் போவதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். வாயில் துணி கட்டியிருந்தாலும் அவர் நடை தெரியும். விஞ்ஞானத்தில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு பெரிய வார்த்தை!

அந்த வாரக் கடைசியில் சுங்கை வே வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை மத்தியானம். அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தார். பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டிய பயிற்சி அறிக்கை பார்க்க அழகாக இருக்கட்டுமென்று கட்டம் போட்ட தாளில் நிலத்தை வரைந்தேன். மரம் ஒவ்வொன்றுக்கும் நான் போன வழியிலேயே ஒரு புள்ளி. தடித்த ஓட்டுக்குச் சிவப்பு, மெல்லியதற்கு நீலம்.

முதல் நிரையில் சிவப்பெல்லாம் சாலைப் பக்கம் இருந்தது. இரண்டாவதிலும் சாலைப் பக்கம். மூன்றாவதிலும் அப்படியே. பன்னிரண்டு நிரையிலும் வாய்க்கால் பக்கத்தில் பேருக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை.

அதிகாரியின் பட்டியலை எடுத்து விரித்தேன். அதில் பதினேழாவது மரம் இரண்டாம் நிரையில் சாலையோர மரம். நான் பதினேழு என்று எழுதியது வாய்க்கால் ஓர மரத்தை. பட்டியலில் எல்லா நிரையும் சாலையிலிருந்தே தொடங்குகிறது. நான்தான் பாம்பு மாதிரிப் போய் வந்து எண்ணியிருக்கிறேன். ஒரு நிரை விட்டு ஒரு நிரை எல்லா எண்ணும் தலைகீழ்.

நகரத்துப் பெண்ணாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். ஒவ்வொரு நிரைக்கும் சாலைக்கு வந்து, நிரையின் தலைப்பில் எண் எழுதி நட்ட கட்டையைப் பார்த்துத் தொடங்கியிருப்பாள். பால் வெட்டுகிறவர்கள் அப்படி வெறுமனே திரும்பி வந்து நேரத்தை வீணாக்க மாட்டார்கள். ஒரு நிரையில் போய் அடுத்த நிரையில் வருவார்கள். பள்ளி விடுமுறையில் அம்மா பின்னால் வாளி தூக்கிக்கொண்டு ஆயிரம் முறை அப்படி நடந்த கால் இது. யோசிக்காமலே நடந்துவிட்டது. ஆனால் காலைக் குறை சொல்லி என்ன செய்வது? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பப் போய் எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ஒரு லோரியில் தொற்றிக்கொண்டு நிலத்துக்குப் போனேன். சாலையிலிருந்து எண்ணி, இரட்டைப்படை நிரைகளில் வாய்க்கால் பக்கத்து மரங்களில் மறுபடி வெட்டினேன். மெல்லிய ஓடு. அடுத்ததும் மெல்லிய ஓடு. அத்தனையும். அக்கா கட்டிய பைக்குள் காற்றுகூடப் போகவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அதிகாரி பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இருப்பார் என்று ஒரு சாக்கு. திங்கள் வந்தார். சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருடம் இந்த இடத்தையே எடுத்துவிடுவார்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிடுவார்கள், எனக்குப் பின்னால் வருகிறவர்களின் கதவை நானே அடைத்துவிடுவேன் என்றெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மற்ற பிள்ளைகளை முன்னால் நிறுத்திக்கொண்டு நான் பின்னால் ஒளிந்திருந்தேன், அவ்வளவுதான்.

புதன் மாலை குழாயடியில் அக்காவைப் பார்த்தேன். பம்பை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கழுவிக்கொண்டே இருந்தார்.

அங்கிருந்து நேரே அதிகாரியின் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் திரும்பப் பாக்கச் சொன்னனான் எல்லோ?" என்றார்.

"பார்க்கல சார். பார்த்தேன்னு பொய் சொன்னேன்."

என் வரைபடத்தை வாங்கி நிரை நிரையாக விரலை ஓட்டினார். "எண்ணின பிழையைப் பத்து நிமிசத்தில திருத்தலாம். மற்றதை நான் எப்பிடித் திருத்துறது?" என்றார். நிர்வாகிக்குக் கடிதம் எழுதக் காகிதத்தை எடுத்தார். என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

லயத்து வரிசை வீடுகளில் அக்காவின் வாசலுக்குப் போய், தப்பு என்னுடையது, ஆபீசில் சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஆபீஸ்ல சொன்னியா? ஆபீஸ்ல வெச்சா என்னை அசிங்கப்படுத்துனாங்க? பெரட்டுல எம்பேர படிச்சாங்க. எம்புருசன் நிக்கிறாரு, நாத்தனா நிக்கிறா. அங்க வந்து சொல்லு."

"வரேன்க்கா."

"மைக்கெல்லாம் கெடையாது. கத்தித்தான் சொல்லணும்" என்று கதவைச் சாத்தினார்.

மறுநாள் போனேன். இருட்டுப் பிரியாத நேரம். வரிசையில் எண்பது பேர். மண்டோர் என்னைப் பார்த்து, "என்னா மிஸ், இங்க?" என்றார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு லா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

கத்தினேன். ஏழாம் நம்பர் கட்டிய பைகளில் எந்தக் குறையும் இல்லை, நான்தான் ஒரு நிரையில் போய் அடுத்த நிரையில் திரும்பி மரத்தை மாற்றி எண்ணிவிட்டேன் என்றேன். ஒரே சிரிப்பு. "எம்மவன் மூனாங் கிளாசு, நல்லா எண்ணுவான். அனுப்பி வெக்கட்டா?" என்று ஒருவர். "பால் வெட்டுக்காட்டு நட போல" என்று இன்னொருவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் என்ன தோன்றியதோ, மீதியையும் சொன்னேன். திரும்ப எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள், எண்ணாமலே எண்ணியதாகப் பொய் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா வரிசையிலிருந்து வெளியே வந்தார். "மாத்தி எண்ணுனது போவட்டும்" என்றார். "மனுசிக்கு நடக்கும். பாக்காமயே பாத்தேன்னு சொன்னியா? எங்கையி போனா போவட்டும்னா?"

அவர் குனிந்து பம்பை எடுத்து முதுகில் மாட்டினார். "ஆர்டர் வர்ற வரைக்கும் எனக்கு இதான வேல" என்று சொல்லிவிட்டுக் கும்பலோடு நடந்தார்.

நிர்வாகியின் உத்தரவு வர ஒன்பது நாள் ஆனது. வேலையை மாற்ற இரண்டு நாள், பழைய வேலைக்குத் திரும்பச் சேர்க்க ஒன்பது நாள். அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. ஆனால் அந்த ஒன்பது நாளையும் தொடங்கி வைத்தது நான். தண்ணீராவது சுமக்கிறேன் என்று ஒருநாள் போனேன். "கைய வெச்ச, தெரியும்" என்றார். திரும்பி வந்தேன்.

நான் கிளம்பும் நாளில் அவர் மறுபடி ஏணிமேல் நின்று பை கட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகம் இல்லை. மற்ற விரல்களால் பட்டையை இழுத்தார். சொல்லிவிட்டுப் போக நின்றேன்.

"சும்மா நிக்காம ஏணியப் பிடி. ஆடுது."

பிடித்தேன். கட்டி முடித்தார், அட்டையில் நம்பர் எழுதினார், கீழே பார்த்தார்.

"அடுத்த வருசம் வேற பிள்ள வருமா?"

"தெரியலக்கா."

"வந்தா, எண்ணத் தெரிஞ்சதா பாத்து அனுப்பச் சொல்லு. போ, பஸ் போயிடும்."

அடுத்த வருடமும் ஒரு பெண் போனாள். என் பொய்யை அதிகாரி எழுதினாரா, மறைத்தாரா என்று நான் விசாரிக்கவே இல்லை. அக்காவிடம் நான் மன்னிப்பு என்று கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை.

பிறகு நானும் விதை ஆராய்ச்சியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். கோபம் மட்டும் குறையவில்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் நம்பரை அறிக்கையில் எழுத வேண்டி வரும்போதெல்லாம், இதை எண்பது பேருக்கு நடுவில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கத்திச் சொல்ல என்னால் முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று தோன்றினால் பேனாவை மூடிவிட்டு, திட்டிக்கொண்டே, நிலத்துக்கு நடக்கிறேன்.